லிஃப்ட் பைத்தியத்தையே பாடமாக்கின ஆன்லைன் கிளாஸ் – 8 மாச அனுபவம்

பையனுக்கு 11 வயசு, டிஸ்லெக்சியா (படிக்கறது, ஸ்பெல்லிங் ரொம்ப கஷ்டம்), கூடவே ஏடிஹெச்டி (கவனம் ஒரு இடத்துல நிக்காது, துறுதுறுன்னு இருப்பான்). ஸ்பெஷல் எஜுகேட்டர் தனியா உக்காந்து சொல்லித்தர்ற ஆன்லைன் கிளாஸ், வாரத்துக்கு 3 நாள், 40 நிமிஷம். பேரு போடல, ஏன்னா கீழ கொஞ்சம் திட்டியும் இருக்கேன்.

அவங்க விளம்பரத்துல "உங்க குழந்தையோட சூப்பர்பவர்" அது இதுன்னு போட்டிருந்ததை பாத்தப்பவே எனக்கு கடுப்பு, ஒரு பாரா படிக்கறதுக்குள்ள அழுதுடுற புள்ளைகிட்ட போய் சூப்பர்பவர்னு சொன்னா அவனே நம்பமாட்டான். ஆனா முதல் நாள் அந்த மேடம் மார்க் ஷீட்டை பாக்கவே இல்ல, "இவன் எதுல உக்காந்தா நீங்க கூப்பிடறது காதுல விழாது?"ன்னு கேட்டாங்க. லிஃப்ட்னு சொன்னேன். கவுன்டர்வெயிட், அதாவது லிஃப்ட் பெட்டிக்கு மறுபக்கம் பேலன்ஸுக்கு தொங்குற பாரம், அதோட வெயிட்டுனா காலி பெட்டியோட வெயிட்டும் பெட்டி அதிகபட்சமா தூக்குற லோடுல கிட்டத்தட்ட பாதியும்னு எனக்கே கிளாஸ் எடுக்கறவன்.

அவ்ளோதான், அதை புடிச்சிக்கிட்டாங்க. மைனஸ் நம்பர் மண்டைல ஏறவே மாட்டேன்னு இருந்துச்சு, கிரவுண்ட் ஃப்ளோர் ஜீரோ, பேஸ்மென்ட் 2ல நிக்குற லிஃப்ட் 5 மாடி ஏறினா எங்க நிக்கும்னு கேட்டாங்க, பேப்பரே எடுக்காம "மூணு"ன்னுட்டான்.

ஸ்பெல்லிங் தான் எனக்கு ரொம்ப புடிச்சது. புடிச்சதை பண்ண விட்டு கஷ்டமானதை கழட்டி விட்டுடுவாங்களோன்னு பயந்தேன், இல்ல, ஒவ்வொரு கிளாஸ்லயும் 15 நிமிஷம் சத்தத்தை பிரிச்சு எழுத்தை சேக்குற ஃபோனிக்ஸ் கட்டாயம் உண்டு, வார்த்தை மட்டும் அவனோடது. கவுன்டர்வெயிட்ல வர்ற வெயிட், அதே ஈ ஐ ஜி ஹெச் டி வச்சு எயிட், அப்புறம் சரக்கு லிஃப்டுக்கு ஃப்ரெயிட். உயரத்துக்கு சொல்ற ஹைட் வந்தப்போ, அதே எழுத்து ஆனா சத்தம் வேற, "இது மட்டும் ஏன் மிஸ் ஏமாத்துது?"ன்னு சண்டைக்கே போயிட்டான். ஸ்பெல்லிங்குக்காக சண்டை போடுறான்பா என் புள்ள! சயின்ஸ் பதில் எல்லாம் வாயால சொல்லி ரெக்கார்ட் பண்ணுவான், எழுதறது தனி ப்ராக்டிஸ்.

இப்போ திட்டு. 5வது மாசம் சொல்லாம கொள்ளாம டீச்சரை மாத்திட்டாங்க. புது மேடம் "இந்த பக்கத்தை முடி கண்ணா, அப்புறம் லிஃப்ட் வீடியோ"ன்னு ஆரம்பிச்சாங்க, அது லஞ்சம் தானே, லிஃப்ட் பாடத்துக்குள்ள இருந்த வரைக்கும் தான் அவன் ஓடினான். ரெண்டு வாரம் கேமராவை ஆஃப் பண்ணிட்டு உக்காந்திருந்தான். கம்ப்ளைன்ட் பண்ணப்புறம் தான் பழைய மேடம் எழுதி வச்ச குறிப்பையே இவங்க கைல குடுத்திருக்காங்க. மாசாமாசம் வர்ற ரிப்போர்ட்ல வேற எதெல்லாம் வரலங்கிறது 2 பக்கம், எது வருதுங்கிறது 3 வரி.

5க்கு 3.5 குடுப்பேன். சேர்றதா இருந்தா டீச்சர் நடுவுல மாறுவாங்களான்னு முதல்லயே கேட்டு வாங்கிக்கோங்க. புது மேடம் இப்போ பரவால்ல, போன வாரம் லிஃப்ட் கதவு சென்சார் எப்படி வேலை செய்யுதுன்னு இவன் 20 நிமிஷம் விடாம சொன்னான், அவங்க நோட்டு எடுத்துக்கிட்டு இருந்தாங்க.