ஈஆர் வரைபடம் எதில் பழகுவது: கொப்பியிலா, வேர்க்பெஞ்சிலா?

ஒரு தரவுத்தளத்தில் எவற்றைப் பற்றிப் பதிகிறோம், அவற்றுக்குள் என்ன உறவு என்பதைக் காட்டும் படம்தான் ஈஆர் வரைபடம். கொழும்பில் உயர்தரத்துக்கு ஐசிடி எடுக்கும் பிள்ளைகளும் கம்பஸ் முதலாம் வருடத்தவரும் தரவுத்தளப் பாடம் தொடங்கியதும் முதலில் தேடுவது அதை வரைய ஒரு மென்பொருளைத்தான். மைஎஸ்கியூஎல் வேர்க்பெஞ்ச், டிரோ.ஐஓ, டிபிடயகிரம் மூன்றுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. ஆனால் பழகுகிற காலத்தில் இவை எல்லாவற்றையும் விடக் கொப்பியும் பென்சிலும் மேல் என்றே நான் சொல்வேன். காரணத்தை ஒரே ஒரு பயிற்சியை வைத்துப் பார்க்கலாம்.

செட்டியார் தெருவில் ஓர் அடகுக் கடை. ஓர் அம்மா சங்கிலியையும் ஒரு சோடிக் காப்பையும் வைத்துக் காசு எடுக்கிறார். இரண்டுக்கும் ஒரே சீட்டு. சில மாதம் கழித்து வட்டியோடு கட்டி மீட்கிறார். பிறகு பிள்ளையின் படிப்புச் செலவு வந்ததும் அதே சங்கிலி மறுபடி கடைக்குப் போகிறது.

வேர்க்பெஞ்சில் இதை வரைபவர் வாடிக்கையாளருக்கு ஒரு டேபிள், நகைக்கு ஒரு டேபிள் போட்டு, பலவுக்குப் பல (ஒருவருக்குப் பல நகை, ஒரு நகைக்குப் பலர்) என்ற பொத்தானை அழுத்துவார். நடுவில் மூன்றாவது டேபிள் தானாகவே முளைக்கும். பெயரும் தயாராக வரும்: ‘கஸ்டமர்_ஹேஸ்_ஜுவல்’. இரு பக்க ஐடிகளும் சேர்ந்து அதன் முதன்மைச் சாவி, அதாவது ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும், இருமுறை வரக்கூடாத மதிப்பு, ஆகிவிடும். பார்வைக்கு எல்லாம் சரி. சங்கிலி இரண்டாம் முறை வரும்போது அதே சோடி ஐடி மறுபடி பதியாது, பிழைச் செய்தி வரும். கருவி கேட்டதைத்தான் செய்தது. அந்த உறவு என்ன என்று யோசிக்க மட்டும் அது இடம் வைக்கவில்லை.

கொப்பியில் பீட்டர் சென் 1976இல் வெளியிட்ட முறைப்படி வரையும்போது வாடிக்கையாளர், நகை என்ற இரு பெட்டிக்கும் நடுவில் உறவைக் காட்டும் ஒரு சாய்சதுரம் போட்டு, அதற்குள் ‘அடகு வைத்தல்’ என்று நம் கையாலேயே எழுத வேண்டும். திகதி, தொகை, வட்டி வீதம் என்ற பண்புகளின் நீள்வளையங்களை எங்கே தொங்கவிடுவது? வாடிக்கையாளரிலும் ஒட்டாது, நகையிலும் ஒட்டாது. சாய்சதுரத்தில் மாட்டுகிறோம். அடுத்துச் சீட்டு இலக்கம் வருகிறது. தனக்கென்று இலக்கம் வைத்திருப்பதை இனி உறவாக விட்டுவைக்க முடியாது; அடகுச் சீட்டு ஒரு பெட்டியாகிறது. அப்போதுதான் முக்கியமான கேள்வி எழும்: இது போன முறை வந்த அதே சங்கிலி என்று கடைக்குத் தெரிய வேண்டுமா? தேவையில்லை, சீட்டில் வரிசை எண்ணும் நிறையும் கரட்டும் இருந்தால் போதும் என்று முதலாளி சொன்னால், நகை தனித்து நிற்காது. தனக்கென்று முழுச் சாவி இல்லாமல் சீட்டில் தங்கிய இரட்டைக் கோட்டுப் பெட்டி ஆகிவிடும். அதன் சாவி, சீட்டு இலக்கமும் வரிசை எண்ணும். இந்தக் கேள்வியை நம்மைக் கேட்க வைப்பதுதான் பயிற்சி.

டிரோ.ஐஓவில் சென் வடிவங்கள் உண்டு, இலவசமும்கூட. ஆனால் அது படம் வரையும் பலகை மட்டுமே. இரு பண்புகளை நேரே கோடு போட்டு இணைத்தாலும் ஏனென்று கேட்காது. கொப்பியில் முடித்ததை ஒப்படைக்கு அழகாக வரைய நல்லது. டிபிடயகிரத்தில் டேபிள்களை எழுத்தாகத் தட்டினால் படம் தானே வரும். குழுவாக வேலை செய்வோருக்கு அருமை, ஆனால் டேபிள் என்னவென்று முடிவான பிறகே அதற்கு வேலை.

கொப்பிக்கும் எல்லை இருக்கிறது. பத்துப் பெட்டி தாண்டினால் நீள்வளையங்கள் பக்கத்தையே மூடிவிடும். வேலைத்தளங்களில் பெரும்பாலும், ‘பல’ என்பதைக் கோட்டு நுனியில் மூன்று கிளையாகக் காட்டும் காகக்கால் குறியீடுதான். அங்கே வேர்க்பெஞ்சை மிஞ்ச இந்த நான்கில் வேறில்லை: வரைந்த மாதிரியிலிருந்து உண்மையான தரவுத்தளத்தை உருவாக்கித் தரும், ஏற்கெனவே உள்ள தரவுத்தளத்தைப் படமாக விரித்தும் காட்டும். அடகுக் கடையைக் கொப்பியில் முடித்தவர் அதில் ஏற்றி, அதே சங்கிலியை இரண்டு சீட்டில் பதிந்து பார்க்கட்டும். சீட்டிலிருந்து நகைக்குப் போகும் கோடு தொடர்கோடாக இருக்க வேண்டும். புள்ளிக்கோடாக இருந்தால் சீட்டு இலக்கம் முதன்மைச் சாவிக்குள் சேரவில்லை என்று அர்த்தம்.

நீள்வளையமும் இரட்டைப் பெட்டியும் வேர்க்பெஞ்சில் கிடையாது. வினாத்தாள் அவற்றைக் கேட்டால் அதில் மட்டும் பழகிய பிள்ளை திணறும்.