கொடை மேளத்துக்குக் கூடுதல் ஆளா, மைக்கா, நீளமான வயரா?

போன வருடம் எங்கள் ஊர் அம்மன் கோவில் கொடைக்கு, அதாவது திருவிழாவுக்கு, கேரளச் செண்டை மேளத்தில் ஒரு வகையான சிங்காரி மேளம் பிடித்திருந்தோம். மொத்தம் 12 பேர். வேகமாக உருட்டி வாசிக்கும் உருட்டுச் செண்டை ஆறு, அடித்தாளம் பிடிக்கும் வீக்குச் செண்டை நாலு, இலத்தாளம் என்கிற கைத்தாளம் இரண்டு ஜோடி. அம்மன் எழுந்தருளி வந்து சாலை முக்கில் நின்றதும் குழுத் தலைவரான ஆசான் கோலை உயர்த்தி மெதுவான காலத்தில் (வேகத்தை மேளத்தில் காலம் என்பார்கள்) ஆரம்பித்தார். பக்கத்திலேயே சீரியல் லைட்டுக்கான ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. பந்தலில் பாக்ஸ் வைத்து பக்திப் பாட்டு. போதாததற்கு, கூட்டத்தில் மாட்டிக்கொண்ட மினிபஸ்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். முதல் பத்து நிமிடம் என்ன வாசித்தார்கள் என்று ஆசானுக்கே கேட்டிருக்காது. வேகம் பிடித்த பிறகுதான் ஜனம் திரும்பியே பார்த்தது. மறுநாள் டீக்கடையில் தீர்ப்பு வந்துவிட்டது: "மேளம் சுமாருதான் மக்கா."

மேளம் சுமார் இல்லை. அதே குழுவை வேறொரு ஊரில், பள்ளிக்கூட மைதானத்தில், நான் கேட்டிருக்கிறேன். கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாத வாசிப்பு அது.

இந்த வருடக் கமிட்டிக் கூட்டத்தில் இதற்கு மூன்று கட்சி உருவானது. ஆளைக் கூட்டு என்றது ஒன்று. மைக் வை என்றது இன்னொன்று. இடத்தையும் நேரத்தையும் மாற்று என்றது மூன்றாவது. நாலாவதாக நான் ஒன்று சொன்னேன், முதலில் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அதற்கு முன் ஒரு விஷயம். மேளத்தில் மெதுவான காலத்தின் அழகு அடிக்கும் அடிக்கும் நடுவே இருக்கும் சும்மா இருப்பில்தான் இருக்கிறது. ஒரு அடி விழும், அது அடங்கும், அடுத்தது எங்கே விழப்போகிறது என்று காது காத்திருக்கும். சத்தமான இடத்தில் அடி தப்பித்துவிடுகிறது, செண்டை அவ்வளவு லேசில் அமுங்குகிற வாத்தியம் இல்லை. அந்த இடைவெளியில்தான் ஜெனரேட்டர் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இலத்தாளத்தின் இழுப்பும் வீக்குச் செண்டை பிடித்துக்கொடுக்கும் அடித்தாளமும் முதலில் காணாமல் போகும். கடைசியில் வரும் வேகமான காலத்தில் இடைவெளியே இல்லாததால் அங்கே மட்டும் எல்லாம் நன்றாகக் கேட்டதுபோல் தோன்றுகிறது.

இரைச்சலிலும் இரண்டு சாதி உண்டு. கடல், காற்று, ஜெனரேட்டர் எல்லாம் தாளம் இல்லாதவை. கொஞ்ச நேரத்தில் காது அவற்றை ஒதுக்கிவைக்கப் பழகிவிடும். பாக்ஸில் ஓடும் பாட்டு அப்படி இல்லை, அதற்கென்று ஒரு தாளம் இருக்கிறது. இரண்டு தாளம் ஒரே நேரத்தில் விழுந்தால் கேட்பவர் மட்டுமல்ல, வாசிப்பவரே தடுமாறுவார். சத்தம் குறைவான பாட்டு, சத்தம் அதிகமான ஜெனரேட்டரைவிட மேளத்துக்குப் பெரிய எதிரி என்பது என் கட்சி.

சரி, முதல் யோசனைக்கு வருவோம். 12 பேரை 24 ஆக்கினால் என்ன கிடைக்கும்? ஒலி அளவில் 3 டெசிபல். காது கொடுத்துக் கேட்டால் "ம், கொஞ்சம் கூடியிருக்கு" என்று சொல்லும் அளவு, அவ்வளவுதான். கேட்பவருக்குச் சத்தம் இரண்டு மடங்கு என்று தோன்ற வேண்டுமானால் ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும், அதற்கு 120 பேர் வேண்டும். எங்கள் முக்கில் 120 பேர் செண்டையோடு நின்றால் அம்மன் நிற்க இடம் இருக்காது. ஆள் கூடினால் வேறு ஒரு தொல்லையும் வரும். சத்தம் ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் ஓடும். ஊர்வலத்தில் மேளம் 50 மீட்டர் நீளத்துக்கு வரிசையாகப் போனால், முன்னால் விழுந்த அடி கடைசி ஆளின் காதுக்கு வர ஏழில் ஒரு பங்கு நொடி ஆகும். உருட்டு வேகமாகப் போகும்போது அதற்குள் ஓர் அடி தாண்டிப் போயிருக்கும். கண்ணால் பார்த்துத்தான் சமாளிக்க வேண்டும். வட்டமாக நின்று வாசிக்கும்போது இந்தச் சிக்கல் இல்லை. சிங்காரி மேளக்காரர்கள் ஆடிக்கொண்டே வட்டம் கட்டுவது பார்க்க அழகு என்பதோடு, ஒருவர் வாசிப்பது மற்றவருக்குக் கேட்கவும் உதவுகிறது.

ஆள் கூடுவதில் ஒரே ஒரு நல்லது, பார்வைக்குக் கம்பீரம். அதற்காகக் கூட்டுகிறோம் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. இரைச்சலுக்கு மருந்தாகக் கூட்டுகிறோம் என்றால் பணம் வீண்.

மைக் கட்சிதான் கமிட்டியில் பலமான கட்சி, இளைஞர்கள் எல்லாம் அந்தப் பக்கம். அமெரிக்காவில் டிரம் கோர் என்று ஒன்று இருக்கிறது. பித்தளைக் குழல்களும் முரசுகளும் சேர்ந்து கால்பந்து மைதானத்தில் அணிவகுத்து வாசிக்கிற பெரிய போட்டிக் கலை. அங்கேயே மைக் வந்துவிட்டது, நமக்கென்ன என்று ஒரு தம்பி கைப்பேசியில் வீடியோ காட்டினான். வந்தது உண்மைதான், 2004 முதல் அனுமதி. ஆனால் அதனால் அதிகம் பயன் பெற்றவை மைதானத்தின் முன் விளிம்பில் அசையாமல் நிற்கும், கோலால் தட்டி வாசிக்கிற மரிம்பா, வைப்ரஃபோன் மாதிரியான மென்மையான வாத்தியங்கள். பித்தளைக்கும் முரசுக்கும் நடுவில் அவை அமுங்கிப் போயின, அதனால் மைக் வைத்துச் சத்தத்தைத் தூக்கிக் கொடுத்தார்கள். செண்டைக்கு அந்தக் குறை கிடையாது. அவர்களுடைய இறுதிப் போட்டி 2009 முதல் இண்டியானாபொலிஸில் கூரை போட்ட ஸ்டேடியத்தில்தான் பெரும்பாலும் நடக்கிறது. கூரைக்கு அடியில் காற்றும் மழையும் இல்லை, ஆனால் எதிரொலி வந்து சேர்ந்தது. ஒரு தொல்லையைக் கொடுத்து இன்னொன்றை வாங்கினார்கள்.

நம் முக்கில் மைக் வைத்தால் என்ன ஆகும்? மைக்குக்கு அருகில் நிற்கும் இரண்டு பேர் மட்டும் பாக்ஸில் இடி இடிப்பார்கள். ஆசான் ஒரு மாதம் உட்கார்ந்து சமன்படுத்திய ஆறுக்கு நாலு கணக்கு அங்கே உடைந்துபோகும். மேளம் நகர்ந்துகொண்டே இருக்கும், மைக் ஸ்டாண்டு நகராது. மைக்கைத் தள்ளி வைத்தால் அது ஜெனரேட்டரையும் சேர்த்து வாங்கிப் பெரிதாக்கும், அதாவது அந்த இடைவெளியில் உட்கார்ந்த சனியனுக்கு நாமே மாலை போட்டு வரவேற்கிறோம். பாக்ஸுக்குக் கிட்ட வைத்தால் ஊளையிடும். கடற்காற்று அடிக்கும் ஊரில் பஞ்சு உறை போடாத மைக்கில் "புஸ் புஸ்" என்று அலையடிக்கும்.

அதே கொடையில் வில்லுப்பாட்டுக்கு மைக் இல்லாமல் முடியாது. அது உட்கார்ந்து சொல்லும் கதை, சொல் புரிய வேண்டும். நாதஸ்வரத்துக்குத் திறந்த வெளியில் கொஞ்சம் தேவைப்படலாம். நையாண்டி மேளம் தெருவில் சுற்றி வரும்போது தேவையே இல்லை. சர்ச் திருவிழாவில் வரும் பேண்ட் செட்டுக்கும் அப்படித்தான், ட்ரம்பெட்டும் பெரிய டிரம்மும் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த கன்னியாகுமரி மாவட்டம் இது. செண்டை, நையாண்டி, பேண்ட் என்று மூன்றையும் ஒரே வருடத்தில் ஒரே சாலையில் கேட்கிற பாக்கியம் வேறு எங்கே கிடைக்கும்? மூன்றுக்கும் ஒரே மைக் செட் வைத்துவிட்டு மூன்றும் ஒன்றுபோல் கேட்கிறது என்று நாமே புலம்புகிறோம்.

இடம் மாற்றுவதற்கு வருவோம். இதில் எனக்குப் பாதி சம்மதம். சாலை முக்கு எல்லாவற்றிலும் மோசம். பள்ளி மைதானத்தில் இரைச்சல் குறைவு, ஆனால் சுவர் இல்லாததால் சத்தம் பரந்து போய்விடும். தள்ளி நிற்கும் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் போய்விடும் என்பது திறந்தவெளிக் கணக்கு. அதனால் மைதானத்தில் வைத்தால் ஜனத்தைக் கிட்ட நிறுத்த வேண்டும், அல்லது பள்ளிக் கட்டிடத்துச் சுவருக்கு முதுகு காட்டி மேளத்தை நிறுத்த வேண்டும். அந்தச் சுவர் திருப்பி அனுப்பும் சத்தம் இலவசம். கல் மண்டபம் வேண்டவே வேண்டாம். அங்கே உருட்டு எல்லாம் கலங்கிக் கூழாகிவிடும்.

முட்டம், குளச்சல் பக்கம் கடற்கரையில் வைப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். சாயங்காலம் காற்று கடலில் இருந்து கரைக்கு வரும். காற்று போகும் திசையில் சத்தம் தரைப்பக்கம் வளைந்து நன்றாகக் கேட்கும், எதிர்த் திசையில் மேலே வளைந்து தலைக்கு மேல் போய்விடும். அதனால் மேளம் கடலுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும், ஜனம் கரைப்பக்கம் இருக்க வேண்டும். பல இடங்களில் நேர்மாறாகச் செய்கிறார்கள், கடல் பின்னணியில் ஜனத்தை உட்காரவைத்தால் வீடியோ நன்றாக வருமாம். ஆரல்வாய்மொழிப் பக்கம், முப்பந்தலில் காற்றாலைகள் வரிசையாக நிற்கும் ஊர்களில், தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் வெளியில் மேளம் வைப்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அந்த ஊர்க்காரர்களுக்கே தெரியும்.

நேரத்தை மாற்றினால்? ராத்திரி பிந்தினால் வண்டி குறையும் என்றார்கள். வண்டி குறையும்தான். ஆனால் தரை குளிர்ந்த பிறகு சத்தம் தரையோடு வளைந்து வெகுதூரம் வரும், பக்கத்து ஊர்ப் பாக்ஸ் பாட்டு நம் முற்றத்தில் கேட்கிறதே, அந்தக் காரணம்தான். சட்டமும் இடிக்கும். 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பலருக்குத் தெரியாத சங்கதி, பின்னால் வந்த திருத்தத்தில் இசைக்கருவிகளும் அதில் சேர்க்கப்பட்டன. மைக் இல்லாத செண்டைக்கும் அது பொருந்தும். திருவிழாவுக்கென்று வருடத்தில் 15 நாளுக்கு மேற்படாமல் நள்ளிரவு வரை மாநில அரசு விலக்கு தரலாம், அதை நம்பி நோட்டீஸ் அடிக்கக் கூடாது. ஏழு மணிக்குத் தொடங்குவது எல்லாருக்கும் நல்லது.

இனி என் கட்சி. மேளத்தைக் கூட்ட வேண்டாம், இரைச்சலைக் குறை.

கணக்கைப் பாருங்கள். ஜெனரேட்டர் ஜனத்துக்கு 5 மீட்டரில் இருந்தது. அதை 40 மீட்டருக்குத் தள்ளினால் தூரம் மூன்று முறை இரட்டிக்கிறது, மூன்றையும் ஆறையும் பெருக்கினால் 18 டெசிபல் குறையும். இரண்டு பக்கமும் வீட்டுச் சுவர் இருக்கும் தெருவில் அவ்வளவு குறையாது, ஆனாலும் நிறையக் குறையும். அதே 18 டெசிபலை ஆளைக் கூட்டிச் சம்பாதிக்க வேண்டுமானால் 63 மடங்கு ஆள் வேண்டும். அதாவது 756 செண்டைக்காரர்கள். இதைக் கூட்டத்தில் சொன்னபோதுதான் முதல்முறையாக எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

ஜெனரேட்டர்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. தள்ளி வைத்தால் வோல்டேஜ் விழும், லைட் மங்கும் என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு, மெல்லிய வயர் போட்டால் விழத்தான் செய்யும். தடித்த காப்பர் வயராகப் போட்டால் 40 மீட்டர் ஒரு தூரமே இல்லை. கமிட்டி வாங்கித் தரும் என்று சொன்ன பிறகு அவர் குரல் மாறியது. அவருடையது சத்தத்தை அடக்கப் பெட்டி போட்ட வகைதான். 2005 முதல் தயாரான அந்த மாதிரி ஜெனரேட்டர்களில் ஒரு மீட்டர் தள்ளி 75 டெசிபலுக்கு மேல் கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் சூடாகிறது என்று கதவைத் திறந்து வைத்து ஓட்டினால் விதி என்ன செய்யும்? இந்த வருடம் கதவு மூடியிருக்கும், புகைக்குழாய் ஓடைப்பக்கம் திரும்பியிருக்கும்.

மைக் செட்காரரிடம் பேசியது சித்தப்பா. மேளம் நடக்கும் இருபது நிமிடம் பாட்டை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை. குறைத்து வைக்கிறேன் என்றார் அவர். குறைத்து வைத்த பாட்டுக்கும் தாளம் இருக்கிறதே என்று இவர் சொல்ல, அரை மணி நேரம் வாதம். கடைசியில் ஆசான் கோலை உயர்த்தும்போது சித்தப்பா டார்ச் அடித்துக் காட்டுவார், பாட்டு நிற்கும் என்று முடிவானது. இதற்குச் செலவு ஒரு ரூபாய் கிடையாது. நாலு யோசனையில் மலிவானதும் இதுதான், பேசிச் சம்மதிக்கவைக்கக் கஷ்டமானதும் இதுதான்.

மினிபஸ்காரரிடம் இன்னும் பேசவில்லை. அந்த நேரத்து ஒரு டிரிப் முக்குக்கு முன்னாலேயே திரும்பினால் போதும்.

வெடி வழிபாடு ஒன்றுதான் மிச்சம். அது நேர்ச்சை, மேளத்துக்காக நிறுத்தச் சொல்ல யாருக்கும் வாய் வராது, எனக்கும் வராது. ஆசானிடம் போய்த் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "எப்ப போடுவாங்கன்னு மட்டும் கொஞ்சம் முன்கூட்டிச் சொல்லச் சொல்லுங்க. சுற்று முடியுற இடத்துல வெடி விழுற மாதிரி நான் கொண்டு வந்து வைக்கேன்" என்றார்.