கேடயமும் ஒரு ரியாக்‌ஷனும்: முன்வரிசை ஃபைட்டருடன் மூன்று ஆண்டுகள்

பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில், 2014ஆம் ஆண்டு விதிநூலின்படி உருவாக்கிய ஒரே ஃபைட்டரை (போர்வீரனை) மூன்று ஆண்டுகளாக ஆடி வருகிறேன். முதல் நிலையில் 13 ஹிட் பாயிண்டுடன் (அடி தாங்கும் உயிர்ப்புள்ளியுடன்) தொடங்கியவன், இப்போது 11ஆம் நிலையில் 103 ஹிட் பாயிண்டுடன் நிற்கிறான். எளிதில் அடிபடாதவனே முன்வரிசைக்கு ஏற்றவன் என்ற எண்ணத்தில்தான் அவனை உருவாக்கினேன்.

இனம் மலைக் குள்ளர். திறன்களுக்கான 27 புள்ளிகளைப் பங்கிட்டு, இனத்தின் கூடுதலையும் சேர்த்தபோது வலிமை 17, உடலுறுதி 16, மனத்தெளிவு 13 என அமைந்தன. அறிவுக்கு 8 போதும் என்று விட்டுவிட்டேன், அதற்காக இதுவரை வருந்தியதில்லை. சங்கிலிக் கவசத்துக்கு 16, கேடயத்துக்கு 2, டிஃபென்ஸ் சண்டைப் பாணிக்கு 1 என ஆர்மர் கிளாஸ், அதாவது எதிரி என்னை அடிக்க எட்ட வேண்டிய எண், தொடக்கத்திலேயே 19 ஆனது. அடிக்க வரும் கோப்ளின் என்ற குட்டிப் பூதத்துக்குத் தன் கூட்டல் 4 போக இருபது முகப் பகடையில் 15 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், அதாவது இருபதில் ஆறு வாய்ப்பு மட்டுமே என்று கணக்குப் போட்டு மகிழ்ந்தேன்.

இரண்டாம் நிலையில் அந்த மகிழ்ச்சி கலைந்தது. கோப்ளின்கள் கூடுதல் செயலான போனஸ் ஆக்‌ஷனிலேயே டிஸ்எங்கேஜ் செய்யக்கூடியவை, அதாவது விலகும்போது அடி வாங்காமல் நழுவக்கூடியவை என்பதால், மூன்று கோப்ளின்கள் என் பக்கத்தில் வந்து, என்னைத் திரும்பியும் பாராமல் கடந்துபோய், பின்னால் நின்ற மந்திரவாதியான விஸார்டைக் கீழே சாய்த்தன. என் மீது ஒரு கீறலும் இல்லை. எதிரிகளை இயக்கும் நடுவரான டன்ஜன் மாஸ்டர் செய்ததில் தவறு காண முடியாது. அடிக்க முடியாதவனை விட்டுவிட்டு அடிக்க முடிந்தவனைத் தேடிப்போவது கோப்ளினுக்கும் தெரிந்த தந்திரம்தான்.

ஆகவே நான்காம் நிலையில் வலிமையை உயர்த்தாமல் சென்டினல் ஃபீட்டை (சிறப்புத் திறனை) எடுத்தேன், இந்தக் கதாபாத்திரத்தில் நான் செய்த மிகச் சிறந்த தேர்வு அதுவே. டிஸ்எங்கேஜ் செய்த எதிரியும் என் எல்லையை விட்டு விலகினால் அடி வாங்குவான், அடி பட்டால் அந்த முறை முடியும்வரை அவனுடைய வேகம் சுழியம். அருகில் நிற்கும் எதிரி என்னை விட்டுத் தோழனைத் தாக்கினாலும் உடனே திருப்பி அடிக்கலாம். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் ஒரு சுற்றுக்குக் கிடைப்பது, எதிர்வினையாற்ற உதவும் ஒரே ரியாக்‌ஷன்தான். தோழனைக் கேடயத்தால் காக்கும் ப்ரொடெக்‌ஷன் பாணியும், என் துணைப்பிரிவான பேட்டில் மாஸ்டரின் ரிபோஸ்ட் என்ற பதிலடியும் அதே ரியாக்‌ஷனையே கேட்கும் என்பதால், புதிதாக உருவாக்குவோர் அவற்றைச் சென்டினலுடன் சேர்த்து அடுக்க வேண்டாம் என்பேன். நான் எதிரியைச் சீண்டும் கோடிங் அட்டாக்கைத் தேர்ந்தேன். அடி பட்டவன் சேவிங் த்ரோவில், அதாவது விளைவைத் தவிர்க்கும் பகடை உருட்டலில், தோற்றால், என்னைத் தவிர வேறு யாரைத் தாக்கினாலும் அவனுக்கு டிஸ்அட்வான்டேஜ், அதாவது இரு முறை உருட்டிக் குறைந்ததையே எடுக்க வேண்டும்.

ஆறாம் நிலையில் எடுத்த ஹெவி ஆர்மர் மாஸ்டர் ஃபீட் வலிமையை 18 ஆக்கியது, மாயமற்ற ஆயுதங்களின் ஒவ்வோர் அடியிலும் 3 குறைத்தது. பயனுள்ளதுதான், ஆனால் அந்த இடத்தில் எடுத்தது பிழை. ஏழாம் நிலையில் எதிரிக் குரு ஒருவர் ஆளை உறையவைக்கும் ஹோல்ட் பெர்சன் மந்திரம் போட்டார். இலக்கு எண் 14, என் மனத்தெளிவுக்குக் கிடைத்த கூட்டல் வெறும் 1, பகடையில் விழுந்தது 9. வாசலை அடைத்துக்கொண்டு கேடயத்தை உயர்த்திய நிலையிலேயே உறைந்துபோனேன். பக்கத்தில் நின்று அடித்த ஒவ்வோர் அடியும் சேதப் பகடையை இரட்டிப்பாக்கும் கிரிட்டிகலானதால், 67 ஹிட் பாயிண்டும் இரண்டே சுற்றில் கரைந்தது. எட்டாம் நிலையில் ரெஸிலியன்ட் ஃபீட்டை மனத்தெளிவுக்கு எடுத்ததும் கூட்டல் 5 ஆகி, அதே மந்திரத்தைத் தாங்கும் வாய்ப்பு இருபதில் எட்டிலிருந்து பன்னிரண்டாக உயர்ந்தது. மீண்டும் உருவாக்கினால் ஆறிலேயே இதை எடுத்துவிடுவேன்.

தட்டுக் கவசத்துக்கு 1,500 பொற்காசு சேர நெடுங்காலம் ஆயிற்று. அதன் பிறகு ஆர்மர் கிளாஸ் 21. பதுங்கிச் செல்வதில் டிஸ்அட்வான்டேஜ் என்பது சங்கிலிக் கவசத்திலிருந்தே பழகிய தொல்லை.

இன்னும் தீராத குறை பறக்கும் எதிரிகளே. குள்ளனின் வேகம் 25 அடி, வாளின் எட்டம் 5 அடி. மேலே வட்டமிடும் ஒன்றை எறியீட்டியால்தான் தொட முடியும், அதுவும் 30 அடிக்கு அப்பால் டிஸ்அட்வான்டேஜுடன். 11ஆம் நிலையில் ஒரு முறைக்கு மூன்று தாக்குதல்கள் கிடைத்தும், இலவசமாக உருவ முடிவது ஒரே ஓர் எறியீட்டி என்பதை எங்கள் டன்ஜன் மாஸ்டர் எழுத்துப் பிசகாமல் பின்பற்றுகிறார். கடந்த மாதம் ஒரு வைவர்ன் வந்தபோது, ஒன்றை எறிந்துவிட்டு மற்ற இரண்டு தாக்குதல்களை வீணடித்தபடி, அது கீழே இறங்கும்வரை விஸார்டுக்கு முன்னால் கேடயத்துடன் நின்றுகொண்டிருந்தேன்.