கடைவாய்ப்பல்லுக்கு எந்தக் கப்: உலோகமா, போர்சலினா, சிர்கோனியாவா?

இரண்டு வருடத்துக்கு முன்னர் ஒட்டுசுட்டானில், வீட்டு விறாந்தையில் இருந்து புழுக்கொடியல் கடித்துக்கொண்டிருந்தேன். கீழ்க் கடைவாயில் ‘டக்’ என்று ஒரு சத்தம். வலி பெரிதாக இல்லை. நாக்கால் தடவிப் பார்த்தால் ஞானப்பல்லுக்கு முன்னால் இருக்கும் பல்லின் ஒரு மூலையைக் காணவில்லை. ஏற்கெனவே இரண்டு பக்கமும் பெரிதாக அடைத்த பல் அது. பிறகு மாங்குளம் போய் ஏ9 வீதியில் பஸ் பிடித்து, வவுனியாவுக்கு மூன்று தரம் அலைந்து வேர்ச்சிகிச்சை முடித்தேன். கடைசி நாளில் டொக்டர், பல்லின் மேல் உறை மாதிரிப் போடுகிற கப்புகளில் மூன்று மாதிரிகளை மேசையில் வைத்து, எது வேண்டும் என்று கேட்டார்.

கப் போடாமல் விட்டால் என்ன என்றுதான் முதலில் யோசித்தேன். வேர்ச்சிகிச்சை செய்த பல் காய்ந்துபோய் நொறுங்கும் என்று ஊரில் சொல்வார்கள். காய்வதைவிடப் பெரிய காரணம், பல் இழந்த சுவர்கள். ரீ, மெசர், டக்ளஸ் என்ற மூவர் 1989இல் வெளியிட்ட ஆய்வில், வேர்ச்சிகிச்சைக்காகப் பல்லின் நடுவில் துளை போடுவதால் அதன் விறைப்பு ஏறத்தாழ 5 வீதம்தான் குறைந்தது. இரண்டு பக்கச் சுவர்களையும் வெட்டி அடைத்த பல்லிலோ 63 வீதம் குறைந்தது. அப்படிப்பட்ட பல்லை ஒவ்வொரு முறை கடிக்கும்போதும் அதன் முனைகள் வெளிப்பக்கமாக விரியப் பார்க்கும். கப் அதைச் சுற்றிக் கட்டிப் பிடிக்கிறது, வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுகிற மாதிரி.

விசையும் அங்கேதான் அதிகம். பாக்குவெட்டியின் நுனியில் பாக்கை வைத்தால் வெட்டுப்படாது, மூட்டுக்குக் கிட்ட வைத்தால் சட்டென்று பிளக்கும். தாடையும் அப்படித்தான், மூட்டுக்குக் கிட்ட இருக்கிற பல்லில்தான் பாரம் கூடும். வளர்ந்த ஒருவர் முழு மூச்சாகக் கடித்தால் கடைவாயில் 500 முதல் 700 நியூட்டன் வரை வரும். ஒரு யூரியா மூடையின் பாரம் அது, சிலருக்கு அதற்கும் மேலே. சோறு மெல்லுவதற்கு அதில் சிறு பங்குதான் வேண்டும். நித்திரையில் பல்லை நெருமுகிறவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. நானும் அவர்களில் ஒருவன்.

சரி, மூன்று கப்புகள். பார்வைக்கு எது நல்லது என்பதில் பேச ஒன்றுமில்லை. போர்சலினும், சிர்கோனியா என்கிற கடினமான வெள்ளைச் செராமிக்கும் பல்லின் நிறம், உலோகம் வெள்ளித்தகடு மாதிரி. எனக்குச் சொன்ன விலையில் உலோகம் குறைவு, சிர்கோனியா கூட, உலோகத்தின் மேல் போர்சலின் பூசியது இடையில். உலோகத்துக்கும், மேலே போர்சலின் பூசாத முழுச் சிர்கோனியாவுக்கும் பல்லின் மேற்பரப்பை ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீற்றர் சீவினால் போதும், போர்சலின் பூசியதற்கு இரண்டு மில்லிமீற்றர் வரை போகும். ஏற்கெனவே பாதி போன பல்லில் அந்த அரை மில்லிமீற்றரும் பெரிது.

நான் முடிவெடுத்தது இவை ஒன்றையும் வைத்து அல்ல, எதிரே இருந்த மேல்பல்லை வைத்து. கப் போட்டுக்கொள்கிறவர்கள் கப் எத்தனை வருடம் உழைக்கும் என்று கேட்கிறார்கள். அதோடு நாள் முழுக்க உரசப்போகும் நல்ல பல்லைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அம்மாவின் வாயைப் பார்த்திராவிட்டால் நானும் கேட்டிருக்க மாட்டேன்.

அம்மாவுக்கு மேலே போர்சலின் கப். போட்ட அன்றே உயரமாக இருக்கிறது என்று சொன்னா. போட்ட இடத்தில் மேலால் கொஞ்சம் அராவி அனுப்பிவிட்டார்கள், திரும்ப மினுக்கவில்லை. பத்து வருடத்தில் கீழே இருந்த சொந்தப் பல்லின் நடு, கிண்ணம் மாதிரிக் குழிந்து மஞ்சளாகிவிட்டது. இப்போது குளிர்ந்த தண்ணீர் பட்டாலே கூசுகிறது.

அது ஏன் என்று விளங்க அம்மியைப் பார்த்தால் போதும். நாள்பட்ட அம்மியில் மிளகாய் வழுக்கும். அதையே பொளிந்துவிட்டால் இரண்டு இழுப்பில் அரைபடும். கல் அதே கல், கடினமும் அதே கடினம், மாறியது மேற்பரப்பின் சொரசொரப்பு. பல் தேய்வதும் அப்படித்தான். போர்சலினுக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு மெருகு உண்டு. அது போனால், அல்லது அராவி எடுத்தால், உள்ளே இருக்கிற நுண்ணிய துளைகளும் முனைகளும் வெளியே வந்துவிடும். அப்புறம் அது பொளிந்த அம்மிதான்.

பல்லின் வெளி ஓடான எனாமல் உடம்பிலேயே கடினமான பொருள், எடையில் ஏறத்தாழ 96 வீதம் கனிமம். ஆனால் கடைவாய்ப்பல்லின் முனையில்கூட அதன் தடிப்பு இரண்டரை மில்லிமீற்றர்தான். பல்லும் பல்லும் உரசுவதில் வருடத்துக்கு ஏறத்தாழ 30 மைக்ரோமீற்றர் தேயும், அது ஒரு தலைமயிரின் பாதித் தடிப்புக்கும் குறைவு. அந்தக் கணக்கில் ஒரு ஆயுளுக்கு எனாமல் தாங்கும். சோற்றுக்குள் ஒரு மணல் வந்தால் கணக்கு மாறும், ஏனென்றால் மணல் எனாமலைவிடக் கடினம். உமிக்கரியால் பல் விளக்கிய எங்கள் பழைய ஆட்களின் பற்கள் மழுங்கியிருந்ததில் உமியில் இருக்கிற சிலிக்காவுக்கும் பங்குண்டு. எனாமல் போய் உள்ளே இருக்கிற டென்ரின் வெளிப்பட்டால் தேய்வு விரைவாகும். அம்மாவின் பல்லில் நடந்தது அதுதான்.

சிர்கோனியாவின் கதை கொஞ்சம் வேறு. அது எனாமலைவிடப் பல மடங்கு கடினம். அதனால் எதிர்ப்பல்லைத் தின்றுவிடும் என்று நானும் நினைத்திருந்தேன். நன்றாக மினுக்கிய முழுச் சிர்கோனியா போர்சலினைவிட எதிர்ப்பல்லுக்கு இதமானது என்றே ஆய்வுகள் சொல்கின்றன. வழவழப்பாக இருக்கும்வரை கடினம் தீங்கு செய்யாது. எனக்கு வந்த பயம், வாயில் வைத்து உயரம் சரிபார்க்கும் அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றியது. நிறத்தாளைக் கடிக்கச் சொல்லி, பட்ட இடத்தை வைரமுனையால் சீவுவார்கள். சீவிய சிர்கோனியாவைத் திரும்ப மினுக்க அதற்கென்றே வைரத்தூள் கலந்த ரப்பர் முனைகளும் பொறுமையும் வேண்டும். அதை அவசரமாகச் செய்தால் சொரசொரப்பு அப்படியே நின்றுவிடும், அதுவும் தானாக மழுங்காத சொரசொரப்பு. உலோகத்தைச் சீவினாலும் சாதாரண ரப்பர்ச் சக்கரத்தால் கொஞ்ச நேரத்தில் பளபளப்பாக்கலாம். பூச்சு இல்லாததால் உடைந்து தெறிக்கவும் ஒன்றுமில்லை.

அதனால் உலோகக் கப்தான் போட்டேன். தங்கக் கலவை இதைவிட இதமானது, மென்மையானதும்கூட, ஆனால் பவுண் விற்கிற விலையில் அதை நினைக்கவே முடியவில்லை. என்னுடையது கோபால்ற்றும் குரோமியமும் கலந்தது. நிக்கல் கலந்ததும் இருக்கிறது. போலிச் சங்கிலியோ மணிக்கூட்டுப் பட்டியோ பட்டால் தோல் அரிக்கிறவர்கள் அதை முன்கூட்டியே டொக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

“இஞ்சாருங்கோ, சிரிச்சால் வெள்ளி தெரியப்போகுது” என்று மனைவி கவலைப்பட்டா. அவ்வளவு பின்னால் இருக்கிற பல் வாயை ஆவென்று திறந்தால்தான் தெரிகிறது. சிரிக்கும்போது தெரிகிற பல்லாக இருந்திருந்தால் நானும் சிர்கோனியாதான் கேட்டிருப்பேன், கூடவே சீவிய இடத்தை மினுக்காமல் எழும்பமாட்டேன் என்றும் சொல்லியிருப்பேன். முள்ளியவளையில் இருக்கிற மச்சானுக்கு சிர்கோனியா போட்டு மூன்று வருடம், ஒரு குறையும் சொல்லவில்லை. என் மேல்பல்லிலும் இதுவரை தேய்வு தெரியவில்லை. ஆனால் அம்மாவின் பல் குழிய எடுத்தது பத்து வருடம். இரண்டு, மூன்று வருட அனுபவத்தை வைத்து நானோ மச்சானோ வென்றுவிட்டோம் என்று சொல்ல முடியாது. மேல்பல்லை வருடத்துக்கு ஒருமுறை படம் எடுத்து வைக்கிறேன், நித்திரையில் நெருமினாலும் பல் தேயாமல் இருக்க, இரவில் அக்ரிலிக் தட்டைப் பல்லில் போட்டுக்கொண்டுதான் படுக்கிறேன்.