டிக்கெட் போடும் முன் விமானத்தைப் பாருங்கள்

பாண்டிச்சேரியில் சொல்தா குடும்பங்கள், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்கள், நிறைய. எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்குப் பாரிஸில் யாராவது ஒருவர் இருப்பார்கள். யார் கிளம்பினாலும் மற்றவர்கள் கேட்பது "எந்த ஏர்லைன்ஸ்?" என்றுதான். அக்கா அங்கே குடியேறியதிலிருந்து நானும் வருஷக்கணக்காகப் போய்வருகிறேன், பெரும்பாலும் அம்மாவோடு, சென்னையில் ஏறி வளைகுடாவில் எங்காவது மாறி. இத்தனை வருஷத்தில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான்: எந்த ஏர்லைன்ஸ் என்று கேட்பதற்கு முன்னால் எந்த விமானம் என்று கேட்க வேண்டும். ஒரே கம்பெனி, ஒரே டிக்கெட், ஆனால் முதல் விமானத்தில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டு, அடுத்த விமானத்தில் நன்றாகத் தூங்கிக்கொண்டு போயிருக்கிறேன். சாப்பாடும் கவனிப்பும் இரண்டிலும் ஒன்றுதான்.

போயிங் 777-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1995-ல் அது சேவைக்கு வந்த காலத்தில் எகானமியில் வரிசைக்கு ஒன்பது இருக்கை என்பதுதான் பரவலான வழக்கம். இப்போது பெரும்பாலான கம்பெனிகள் அதே அகலத்துக்குள் மூன்று-நான்கு-மூன்று என்று பத்து போட்டுவிட்டன. இருக்கை ஏறக்குறைய 17 அங்குலத்துக்கு வந்துவிட்டது. ஏர்பஸ் 350-ல் பெரும்பாலும் ஒன்பதுதான், சுமார் 18 அங்குலம் கிடைக்கும். நீண்ட தூர விமானங்களில் 18 அங்குலத்தைக் குறைந்தபட்ச அளவாக வைக்க வேண்டும் என்று 2013-ல் ஏர்பஸ்ஸே சொன்னது. அதில் அவர்களுடைய வியாபாரமும் இருக்கிறது, இருந்தாலும் சொன்னது சரி. ஒரு அங்குலத்தில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றும். அந்த அங்குலத்தை உணர்வது தோள்தான். பக்கத்தில் கொஞ்சம் பருமனான ஆள் உட்கார்ந்தால் ஏழு மணி நேரமும் நீங்கள் ஒருக்களித்துத்தான் இருக்க வேண்டும், தட்டை வைத்துச் சாப்பிடும்போது இரண்டு பேரும் முறைவைத்துத்தான் கையைத் தூக்க முடியும். அம்மா ஒருமுறை சொன்னார், "கால நீட்ட முடியலன்னா பரவாயில்ல, தோள நேரா வைக்க முடியலயேடா."

இதுவரை போனதில் எனக்கு மிகவும் பிடித்தது ஏர்பஸ் 380. 2007-ல் சேவைக்கு வந்த மாடி விமானம், 2021-ல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள், அதில் எனக்கு உண்மையான வருத்தம். உள்ளே அவ்வளவு அமைதி. சில கம்பெனிகள் மாடியிலும் எகானமி வைத்திருக்கிறார்கள், இரண்டு-நான்கு-இரண்டு என்று. ஜன்னல் பக்கத்து இரண்டு இருக்கையில் நானும் அம்மாவும் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் கிடையாது. அந்த ஜன்னலோரத்தில் விமானத்தின் சுவர் வளைந்து போவதால் இருக்கைக்கும் சுவருக்கும் நடுவில் மூடி போட்ட ஒரு பெட்டி இருக்கும். மூடியைத் தூக்கி அம்மாவின் மாத்திரைப் பை, சால்வை, கண்ணாடிக் கூடு எல்லாவற்றையும் அதில் போட்டுவிடலாம், எழுந்து நின்று மேலே துழாவ வேண்டியதில்லை. வயதானவர்களோடு போகிறவர்களுக்கு அந்தப் பெட்டி எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கணவன் மனைவியாகப் போகிறவர்களுக்கு ஏர்பஸ் 330-ம் நல்லது, அதிலும் இரண்டு-நான்கு-இரண்டுதான்.

அப்புறம் காற்று. இதை நம் ஊரில் யாரும் பேசுவதே இல்லை. விமானம் 35,000 அடிக்கு மேல் போனாலும் உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டி வைத்திருப்பார்கள். பழைய வகை விமானங்களில் அது அதிகபட்சம் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமம், அதாவது ஊட்டி டவுனைவிட மேலே. போயிங் 787-லும் ஏர்பஸ் 350-லும் 6,000 அடி அளவில் வைக்கிறார்கள், ஏறக்குறைய குன்னூர். இந்த விமானங்களின் உடம்பில் பெரும்பகுதி அலுமினியத்துக்குப் பதிலாக கார்பன் இழைக் கலவை என்பதால் கூடுதல் அழுத்தத்தை அது தாங்கும், ஈரப்பதத்தையும் கொஞ்சம் கூட்டி வைக்க முடியும். மற்ற விமானங்களில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். பாண்டிச்சேரியின் கடல் காற்றிலேயே இருந்து பழகிய நமக்கு மூக்கும் உதடும் காய்ந்துபோவது அதனால்தான். அம்மாவுக்குப் பழைய விமானத்தில் இறங்கினால் மறுநாள் வரை தலை கனக்கும். 787-ல் போனபோது அக்கா வீட்டுக்குப் போனவுடன் சமையலறைக்குள் நுழைந்துவிட்டார்.

ஆனால் 787 எல்லாவற்றிலும் உசத்தி என்று நினைத்துவிட வேண்டாம். எட்டு இருக்கை வசதியாகப் போடக்கூடிய அகலத்தில் பெரும்பாலும் ஒன்பது போடுகிறார்கள், அதனால் இருக்கை 777 போலவே இறுக்கம். காற்று நன்றாக இருக்கும், தோள் இடிக்கும். ஜன்னல் பெரியது, ஆனால் இழுத்து மூடும் திரை இல்லை, பட்டனை அமுக்கினால் கண்ணாடியே நீலமாகி மெல்ல இருளும். பணியாளர்கள் எல்லா ஜன்னலையும் மொத்தமாக இருட்டாக்கிவிடவும் முடியும், அப்போது வெளியே பார்க்க நினைத்தாலும் நம் கையில் இல்லை. இரண்டு குறையும் இல்லாமல் எனக்குக் கிடைத்தது 350 ஒன்றில்தான்.

சாப்பாட்டைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காய்ந்த காற்றிலும் குறைந்த அழுத்தத்திலும் உப்பும் இனிப்பும் நாக்குக்குக் குறைவாகத்தான் தெரியும், சமைத்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை. சைவம் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், தனியாகச் சொன்ன சாப்பாடு பெரும்பாலும் முதலில் வந்துவிடும். அம்மா மிளகாய்ப்பொடி தடவிய இட்லி கொண்டுவருவார், விமானத்தில் அதைவிட ருசியாக எதுவும் நான் சாப்பிட்டதில்லை.

உட்காரும் நேரத்தை விமானம் கிளம்பியதிலிருந்து கணக்குப் போடாதீர்கள். பாண்டிச்சேரியிலிருந்து மீனம்பாக்கத்துக்குக் காரில் மூன்று மணி நேரம் ஆகும், கடலூர்க்காரர்களுக்கு இன்னும் கூட. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் ரத்தநாளங்களில் ரத்தம் உறைந்து கட்டியாகும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காகும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் சொன்னது. அது விமானத்துக்கு மட்டுமல்ல, காருக்கும் பஸ்ஸுக்கும் சேர்த்துத்தான். அதனால் திண்டிவனத்தில் டீக்கு நிறுத்தும்போதே அம்மாவை நடக்கவைத்துவிடுவேன், விமானத்தில் நடைபாதை ஓர இருக்கைதான் அவருக்கு.

பாண்டிச்சேரி விமான நிலையம் இருக்கும் லாஸ்பேட்டையிலிருந்தே பறக்க முடிந்தால் அந்த அலைச்சல் குறையும். ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர்தான், அதனால் ஏடிஆர் 72 போன்ற விசிறி விமானங்கள்தான் வர முடிகிறது. பெங்களூருக்கு அதில் போய்வந்த அனுபவம் நன்றாகவே இருந்தது. இரண்டு-இரண்டு இருக்கை, நடு இருக்கை என்ற தொல்லையே இல்லை. ஏறுவது பின்பக்கக் கதவில். விசிறிக்கு நேரே இருக்கும் முன்வரிசைகளில் இரைச்சலும் அதிர்வும் அதிகம், பின்னால் கேட்டு வாங்குங்கள். மேலே சாமான் வைக்கும் இடம் சின்னது, டிராலி பெட்டி நுழையாமல் போகலாம், மருந்தையும் பாஸ்போர்ட்டையும் தனிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஓடுபாதையை நீட்டினால் பெரிய விமானம் வரும், அதற்கு நிலம் தமிழ்நாட்டுப் பக்கமும் வேண்டும், இரண்டு அரசுகளும் பேசி முடித்தால் இந்தப் பக்கத்து முதியவர்கள் எல்லாருக்கும் நல்லது.

சரி, எந்த விமானம் என்று எப்படித் தெரியும்? டிக்கெட் போடும் பக்கத்தில் விவரத்தைத் திறந்தால் விமானத்தின் பெயரோ குறியீடோ இருக்கும். 77டபிள்யூ என்றால் 777; 788, 789 என்றால் 787; 359 என்றால் 350; 388 என்றால் 380. பணம் கட்டியபின் அது மாறவும் கூடும். ஒருமுறை 350 என்று பார்த்து வாங்கிய எங்களுக்கு வந்து நின்றது வேறு விமானம். இருக்கைகள் கலைந்து அம்மா ஒரு வரிசையிலும் நான் நாலைந்து வரிசை தள்ளியும் உட்கார வேண்டியதாயிற்று. பக்கத்தில் இருந்த ஒரு பையன் பெரிய மனதோடு இடம் மாறிக்கொண்டதால் தப்பித்தோம், கவுன்டரில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதிலிருந்து கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் மறுபடியும் பார்க்கிறேன். விமானம் மாறியிருந்தால் அன்றைக்கே போன் போட்டு இருக்கை கேட்டுவிடுங்கள், வீல்சேர் சொல்லியிருந்தால் அதுவும் பதிவில் இருக்கிறதா என்று கூடவே கேட்டுக்கொள்ளுங்கள்.