"எல்லா பிரிண்டருக்கும் ஏற்றது" என்ற ஒட்டுச்சீட்டை நம்பி லேசர் பிரிண்டரில் தாள் போடாதீர்கள்

லேசர் பிரிண்டருக்காகப் பளபளப்பான தடித்த தாள் வாங்க நினைப்பவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் இந்தப் பதிவைப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். லேசருக்கு ஏற்றது என்று சொல்லி எனக்கு விற்கப்பட்ட தாள், இங்க்ஜெட் பிரிண்டருக்கு மட்டுமே தயாரிக்கப்பட்டது. அது இயந்திரத்துக்குள் உருகிப் படிந்து, ஃபியூசர் எனப்படும் சூடேற்றும் பகுதி முழுவதையும் மாற்ற வேண்டியதாகிவிட்டது. விற்றவர் பொறுப்பேற்க மறுத்துவிட்டார்.

பயிற்சி வகுப்பை முடித்த மாணவர்களுக்குச் சான்றிதழ் அச்சிடுவதற்காக அந்தத் தாளை வாங்கினேன். என்னிடம் இருப்பது லேசர் பிரிண்டர் என்பதை முதலிலேயே சொல்லி, அதன் மாடல் எண்ணையும் எழுதிக் கொடுத்த பிறகுதான் விற்பனையாளர் அந்த பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். அதன் மேல் "லேசர், இங்க்ஜெட், நகல் இயந்திரம் அனைத்துக்கும் ஏற்றது" என்று அச்சிட்ட வெள்ளை ஒட்டுச்சீட்டு இருந்தது. முதல் தாள் உள்ளே சென்றது, வெளியே வரவில்லை. பிளாஸ்டிக் கருகும் நாற்றம்தான் வந்தது. சர்வீஸ் செய்ய வந்தவர் ஃபியூசரைக் கழற்றிக் காட்டியபோது, தாளின் பளபளப்பான மேல்தோல் உரிந்து, சூடேறும் உறையைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு அந்த வெள்ளைச் சீட்டை மெதுவாக உரித்துப் பார்த்தேன். அதன் அடியில், தயாரித்தவர்களே அச்சிட்டிருந்த "இங்க்ஜெட் மட்டும்" என்ற குறிப்பு தெளிவாக இருந்தது. அந்தக் குறிப்பின் மேலேயே சரியாக ஒட்டப்பட்டிருந்த சீட்டைக் கவனக்குறைவு என்று என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இது தெரிந்தே செய்த ஏமாற்று.

இதனால் இவ்வளவு சேதம் ஏன் வருகிறது என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை. விற்பவர்களுக்கு அதுவே வசதியாகிவிடுகிறது. இங்க்ஜெட் பிரிண்டர் திரவ மையைத் தெளிக்கிறது, தாளைச் சூடாக்கி அழுத்துவதில்லை. லேசர் பிரிண்டரிலோ டோனர் என்பது நுண்ணிய பிளாஸ்டிக் பொடி. மின்னூட்டத்தால் தாளின் மேல் படியும் அந்தப் பொடி, ஃபியூசரின் சூட்டிலும் அழுத்தத்திலும் உருகித்தான் தாளோடு ஒட்டுகிறது. அந்தச் சூடு பல இயந்திரங்களில் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். பளபளப்பான இங்க்ஜெட் போட்டோ பேப்பர்களில் பெரும்பாலானவை இருபுறமும் பாலிஎத்திலீன் பூசிய தாளின் மேல் மையை உறிஞ்சும் படலம் ஒன்றை ஏற்றிச் செய்யப்பட்டவை. பாலிஎத்திலீன் 105 முதல் 130 டிகிரிக்குள்ளாகவே உருகத் தொடங்கிவிடும். ஆகவே அந்தத் தாள் ஃபியூசருக்குள் போனால் உருகாமல் திரும்பாது. லேசருக்கென்றே செய்யப்படும் பளபளப்புத் தாளில் களிமண் போன்ற கனிமப் பூச்சுதான் இருக்கும். அதற்கு இந்தச் சூடு ஒன்றும் செய்யாது. இரண்டும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும் என்பதால்தான் பாக்கெட்டின் மேல் உள்ள எழுத்து அவ்வளவு முக்கியமாகிறது.

முறையிடச் சென்றபோது, உங்கள் பிரிண்டர் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்றார் விற்பனையாளர். அதே இயந்திரத்தில் அதற்கு முந்தைய நாள்வரை சாதாரணத் தாளில் குறையின்றி அச்சிட்டு வந்ததை அவர் பொருட்படுத்தவில்லை. அடுத்து, அமைப்பில் "தடித்த தாள்" என்று தேர்ந்தெடுத்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்றார். நான் அதைத்தான் தேர்ந்தெடுத்திருந்தேன். ஆனால் அந்தத் தேர்வு, தடித்த தாளிலும் டோனர் நன்றாக ஒட்டுவதற்காகத் தாளை மெதுவாக நகர்த்தும் அல்லது சூட்டைக் கூட்டும். பிளாஸ்டிக் பூச்சு தாங்கும் அளவுக்குச் சூட்டைக் குறைக்கும் அமைப்பு எதுவும் இல்லை. கடைசியில், "பிரித்த பாக்கெட்டைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்று முடித்துக்கொண்டார். சீட்டை உரித்துக் காட்டியதற்கு மட்டும் அவரிடமிருந்து பதிலே வரவில்லை.

அவரிடமே வாங்கிய ஏ4 ரீம் ஒன்று என்னிடம் பிரிக்காமல் இருந்தது. சந்தேகம் வந்துவிட்டதால் அதை எடைபோட்டேன். இந்தக் கணக்கை எல்லோரும் அறிந்து வைத்திருப்பது நல்லது. ஏ0 அளவுத் தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர். ஏ4 அதில் பதினாறில் ஒரு பங்கு. ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்பதைக் குறிக்கும். எனவே 80 ஜிஎஸ்எம் என்றால் ஒரு ஏ4 தாள் 5 கிராம், 500 தாள் கொண்ட ரீம் 2.5 கிலோ. 70 ஜிஎஸ்எம் என்றால் ஏறத்தாழ 2.2 கிலோ. உறையில் 80 என்று போட்டிருந்த என் ரீம் 2.2 கிலோவைத்தான் ஒட்டியிருந்தது. தாள் எண்ணிக்கை குறைகிறதா, கனம் குறைகிறதா என்று தெரிய வேண்டுமானால் நூறு தாளைத் தனியே எண்ணி எடைபோடுங்கள். 80 ஜிஎஸ்எம் நூறு தாள் அரைக் கிலோ இருக்க வேண்டும். என்னுடையதில் எண்ணிக்கை சரியாகவும் கனம் குறைவாகவும் இருந்தது. 70 ஜிஎஸ்எம் தாள் அன்றாட வேலைக்குப் போதுமானதுதான். ஆனால் அதை 80 என்று விற்பது ஏமாற்று. இருபுறமும் அச்சிடும்போது பின்பக்க எழுத்து முன்னே தெரிவதையும், வெளிவரும் தாள் சுருள்வதையும் பார்த்தவர்களுக்கு அந்த வித்தியாசம் புரியும்.

அந்த ரீமின் உறையில் ஓர் ஓரம் கிழிந்து மேலே டேப் ஒட்டப்பட்டிருந்ததையும் சொல்லியாக வேண்டும். உறையின் உட்புறப் பூச்சு ஈரத்தைத் தடுப்பதற்காகவே இருக்கிறது. ஈரம் ஏறிய தாளில் மின்னூட்டம் சரியாக நிற்காததால் எழுத்து திட்டுத்திட்டாக மங்கும். ஃபியூசரில் அந்த ஈரம் ஆவியாகித் தாளை வளைத்துவிடுவதால் அது வழியிலேயே சிக்கும். உறை கிழிந்த ரீமை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

இனி எப்படிச் சோதிப்பது என்பதற்கு வருகிறேன். பாக்கெட்டில் "லேசர்" என்ற சொல் தயாரிப்பாளரின் அச்சிலேயே இருக்க வேண்டும். ஒட்டுச்சீட்டில் இருந்தால், அதை உரித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்காமல் வந்துவிடுங்கள். மாதிரித் தாள் கிடைத்தால் ஒரு மூலையைக் கிழித்துப் பாருங்கள். கிழிந்த விளிம்பில் மெல்லிய பிளாஸ்டிக் படலம் இழுபட்டுத் தெரிந்தால் அது லேசருக்கு ஆகாது. ஓஎச்பி ஷீட் எனப்படும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளிலும் ஒட்டும் லேபிள் தாளிலும் இதே ஆபத்து உண்டு. லேசருக்கென்று குறிக்கப்படாத ஷீட் சூட்டில் சுருங்கி உருகும். லேபிளின் பசை கசிந்து உருளைகளில் ஒட்டும். சில லேபிள்களை ஏற்கெனவே உரித்துவிட்ட தாளை மீண்டும் உள்ளே அனுப்பவே கூடாது. உங்கள் இயந்திரம் எத்தனை ஜிஎஸ்எம் வரை ஏற்கும் என்பது அதன் கையேட்டில் இருக்கும். விற்பவரின் சொல்லைவிட அந்த எண்ணை நம்புங்கள்.

தவறான தாள் ஏற்கெனவே உள்ளே போயிருந்தால், உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஃபியூசர் நன்றாக ஆறும்வரை காத்திருங்கள். கத்தியாலோ ஸ்க்ரூடிரைவராலோ சுரண்டாதீர்கள். ஃபியூசரின் சூடேறும் உறையில் உள்ள வழுக்கும் பூச்சில் கீறல் விழுந்தால், அதன்பின் வரும் ஒவ்வொரு பக்கத்திலும் சம இடைவெளியில் அதே கறை திரும்பத் திரும்ப விழும். எஞ்சியதை வெளியேற்றலாம் என்று அடுத்த தாளை அனுப்பவும் வேண்டாம். சர்வீஸ் செய்பவரை அழைத்து, உருகிய தாளையும் அவர் கழற்றும் பகுதியையும் படம் எடுத்து, தாள்தான் காரணம் என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எனக்கு அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறார். அதையும் ஒட்டுச்சீட்டோடு கூடிய பாக்கெட்டையும் இணைத்து, ஃபியூசருக்கான முழுத் தொகையையும் கேட்டு விற்பனையாளருக்கு எழுத்து மூலம் புகார் அனுப்பியிருக்கிறேன்.