பெரெட்டா 92 சாயல் பிளாங்க் துப்பாக்கி: இசட்88 பார்த்துப் பழகிய கண்ணுக்கு எப்படி இருக்கிறது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சேகரிக்கிறவன். வாங்கி வைத்துப் பார்க்க, துடைக்க, கழற்ற முடிந்ததைக் கழற்றி உள்ளே என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளத்தான் எனக்கு ஆசை, அதனால் இந்த விமர்சனமும் அந்தக் கண்ணோடுதான் இருக்கும். வீட்டுப் பாதுகாப்புக்கு ஆகுமா என்று கேட்டு வருகிறவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது, அது பின்னால் வரும்.

பொருள் இதுதான்: துருக்கியில் செய்தது, இத்தாலியின் பெரெட்டா 92 கைத்துப்பாக்கியின் சாயல், 9 மி.மீ. பி.ஏ.கே. என்ற வகை வெற்றுத் தோட்டா (இதைத்தான் பிளாங்க் என்கிறோம், குண்டு கிடையாது, சத்தமும் புகையும் மட்டும்) போடுவது, முழுக்கக் கறுப்பு. துருக்கிப் பிரதிகளில் ஒரே வார்ப்பு வேறு வேறு நாட்டில் வேறு வேறு பெயரில் விற்பனைக்கு வருவது உண்டு, அதனால் பெட்டியில் அச்சடித்திருக்கும் பெயரைவிடக் கையில் எடுத்துப் பார்ப்பதுதான் முக்கியம்.

ஏன் பெரெட்டா என்றால், தென்னாப்பிரிக்காவில் என் வயதில் வளர்ந்தவர்களுக்கு அந்த உருவம் பெரெட்டாவே இல்லை, இசட்88. 1977இல் ஐ.நா. ஆயுதத் தடையைக் கட்டாயமாக்கிய பிறகு வெளியிலிருந்து துப்பாக்கி வாங்குவது அன்றைய நிறவெறி அரசுக்குச் சிக்கலாகிவிட்டது, அதனால் லிட்டில்டன் ஆயுதத் தொழிற்சாலையில் பெரெட்டா 92ஐப் பார்த்துத் தாங்களே ஒன்றைச் செய்தார்கள். இசட் என்பது அந்தத் தொழிற்சாலையின் மேலாளராக இருந்த சீடர்பெர்க்கின் (Zeederberg) பெயரில் முதல் எழுத்து, 88 ஆண்டைக் குறிக்கிறது. போலீஸ்காரர் இடுப்பில் இருந்தது அதுதான். என் தாய்மாமாவும் போலீஸ்தான். டர்பனின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவர் வந்து உட்காரும்போது தோல் உறையிலிருந்து துப்பாக்கியின் பின்பக்கம் மட்டும் எட்டிப் பார்க்கும், சுத்தியல் போல அடிக்கும் ஹேமரும், மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடின் இரண்டு மூலையும், பிடியின் வளைவும், வருடக்கணக்காக நான் பார்த்தது அவ்வளவுதான், ஒரு தடவைகூடத் தொட விட்டதில்லை. ஓய்வு பெற்ற அன்று அதைக் கணக்கில் ஒப்படைத்துவிட்டு வெறும் உறையோடு வந்தார். இசட்88 என்றே ஒரு பிளாங்க் பிரதியை நான் எங்கும் பார்த்ததில்லை, அதற்கு மிக அருகில் வருவது இந்தப் பெரெட்டா சாயல்தான்.

டர்பனில் ஒரு கடையில் வாங்கினேன். 1,950 ரேண்ட், 50 தோட்டா உள்ள டப்பா தனியாக 340 ரேண்ட். லைசென்ஸ் கேட்கவில்லை. கடைக்காரத் தம்பி ஒன்றை எடுத்து வைத்துவிட்டு பில் போடப் போனார், நான் நிறுத்தி, இருப்பதை எல்லாம் எடுத்துக் காட்டுங்கள் என்றேன். மூன்று இருந்தன. ஒரே மாடல், ஒரே மாதிரிப் பெட்டி, ஆனால் மூன்றும் மூன்று விதம். முதலாவதில் ஸ்லைடைப் பிடித்து ஆட்டினால் கடகடவென்று பக்கவாட்டில் ஆடியது. இரண்டாவதில் டிரிகரைச் சுற்றியிருக்கும் வளையத்தின், அதாவது டிரிகர் கார்டின், ஓரத்தில் பெயிண்ட் கொப்புளம் விட்டிருந்தது. மூன்றாவதை இழுத்து விட்டபோது ஒரே சத்தமாக, டக்கென்று வந்து உட்கார்ந்தது, அதை எடுத்துக்கொண்டேன். வார்ப்பு வேலையில் இந்த வித்தியாசம் இருக்கத்தான் செய்யும், ஆகவே தயவுசெய்து பார்க்காமல் ஆன்லைனில் ஆர்டர் போடாதீர்கள்.

வெளித்தோற்றத்துக்கு நான் நல்ல மதிப்பெண் கொடுப்பேன். பெரெட்டா 92இன் முகமே அந்தத் திறந்த ஸ்லைடுதான், மேல்பக்கம் வெட்டி எடுத்தது போல இருக்கும், குழல் முழுசாக வெளியே தெரியும். அந்த வெட்டின் அளவை இதில் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். மொத்த நீளம் அசலுக்கு 217 மி.மீ., இதற்கு என் அளவுகோலில் 215 வந்தது. பிடியின் முன்பக்க வரிகளை வார்ப்பிலேயே கொண்டுவந்திருக்கிறார்கள், விரலில் நன்றாகப் படுகிறது. குறை என்று பார்த்தால் டிரிகர் கார்டின் அடியில் அச்சு சேர்ந்த கோடு ஒன்று அப்படியே ஓடுகிறது, அரம் போட்டு எடுக்கக்கூட ஒருவரும் மெனக்கெடவில்லை, பிடியின் பிளாஸ்டிக் தகடுகளும் மலிவான பளபளப்போடு இருக்கின்றன. குழலில் 9 மி.மீ. பி.ஏ.கே. என்று தெளிவாகப் பொறித்திருப்பது எனக்குப் பிடித்தது, பிரதி தன்னைப் பிரதி என்று சொல்லிக்கொள்ள வேண்டும்.

எடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மாதிரிப் பிரதிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் 'அசல் எடை' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அசல் பெரெட்டா 92 எஃப்.எஸ். தோட்டா இல்லாமல் ஏறக்குறைய 950 கிராம். இதைச் சமையலறைத் தராசில் வைத்தேன், 1,020 காட்டியது. எண்ணைப் பார்த்தால் பக்கத்தில்தான் இருக்கிறது, கையில் எடுத்தால் வேறாக இருக்கிறது. காரணம், அசலில் அடிச்சட்டம் அலுமினியம், ஸ்லைடு எஃகு, அதாவது கீழே லேசு, மேலே கனம். இதில் மேலும் கீழும் ஒரே துத்தநாகக் கலவை. அது எஃகைவிடக் கொஞ்சம் லேசு, அலுமினியத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனம். அப்படியென்றால் கனம் முழுக்கப் பிடிக்குள் இறங்கி உட்கார்ந்துவிடுகிறது, முன்பக்கம் லேசாகத் தெரிகிறது. அசலைத் தூக்கிப் பழகாத எனக்கே இரண்டையும் மனதில் கணக்குப் போட்ட பிறகுதான் இது புரிந்தது, மாமாவுக்குக் கணக்கே தேவைப்படவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு அவர் வீட்டுக்குப் போனேன். மாமி டீ வைத்துவிட்டுப் பார்த்து முகம் சுளித்தார். மாமா கையில் வாங்கியதும் குழல் வாயைத் தரைப்பக்கம் திருப்பி, தோட்டா அடைக்கும் மேகசினை உருவி மேசையில் வைத்து, ஸ்லைடை இழுத்துப் பிடித்து உள்ளே பார்த்து, சுண்டு விரலை விட்டுத் தடவியும் பார்த்தார். "மாமா, அது பிளாங்க்தான், தோட்டாவும் இல்லை" என்றேன். "நீ சொல்லிட்டே, நான் பாத்துக்கணும்ல" என்றார். அப்புறம் ஹேமரை மெதுவாகப் பின்னால் இழுத்து வைத்துவிட்டு, என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டே, கட்டைவிரலால் ஸ்லைடில் இருக்கும் லீவரைக் கீழே தள்ளினார். ஒன்றும் நடக்கவில்லை. லீவரை மேலே ஏற்றி மறுபடி தள்ளினார். "இது விழலையேடா" என்றார்.

இந்தத் துப்பாக்கியின் பெரிய குறை அதுதான். அசலில் அந்த லீவரைத் தள்ளினால் ஹேமர் தானாக, பத்திரமாகக் கீழே இறங்கிவிடும், அதே நேரத்தில் தோட்டாவைக் குத்தும் ஊசியான ஃபயரிங் பின்னின் பின்துண்டு சுழன்று ஹேமரின் வழியிலிருந்து விலகிக்கொள்ளும், அதனால் ஹேமர் அடித்தாலும் அடி பின்னுக்குப் போகாது. எவ்வளவு அழகான ஏற்பாடு! இங்கே லீவர் டிரிகரை மட்டும் தடுக்கிறது, ஹேமர் தூக்கிய நிலையிலேயே நிற்கிறது. இறக்க வேண்டும் என்றால் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு டிரிகரை அழுத்தி இறக்க வேண்டும், விரல் வழுக்கினால் போச்சு. 1,950 ரேண்டுக்குச் செய்கிறவர்களிடம் முழு ஏற்பாட்டையும் எதிர்பார்க்க முடியாது என்று எனக்குத் தெரியும், ஆனால் பெரெட்டா 92ஐ ஒருவர் விரும்பி வாங்குவதே இந்த மாதிரி விஷயங்களுக்காகத்தானே.

உள்ளே இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது, அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். அசலில் சுட்டதும் குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் சேர்ந்தே பின்னால் போகும், பிறகு அடியில் இருக்கும் பூட்டுக்கட்டை கீழே விழுந்து ஸ்லைடை மட்டும் விடுவிக்கும், ஜெர்மனியின் வால்தர் பி38இலிருந்து வந்த வழி அது. வெற்றுத் தோட்டாவில் குண்டு கிடையாது, அந்த அழுத்தமும் கிடையாது, பூட்டுக்கு அவசியமே இல்லை. ஆகவே குழலைச் சட்டத்தோடு அசையாமல் வைத்து, ஸ்லைடை நேராகப் பின்னால் தள்ள விட்டிருக்கிறார்கள். குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் கடினமான எஃகு அடைப்பு தெரிகிறது, புகை மட்டும் ஓரமாகப் போக வழி. அப்படித்தான் இருக்க வேண்டும். டிரிகர் முதல் இழுப்பில் மணல் அரைப்பது போல இருந்தது, கொஞ்சம் எண்ணெய் விட்டு நாற்பது ஐம்பது தடவை மெதுவாக இழுத்த பிறகு பரவாயில்லை. கழற்றும் லீவர் வேலை செய்கிறது, அசலில் போலவே வலப்பக்கப் பித்தானை அழுத்தி இடப்பக்க லீவரைத் திருப்பினால் ஸ்லைடு முன்னால் வந்துவிடுகிறது, அது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

சுட்டுப் பார்த்தது டோங்காட் பக்கம் உறவினர் ஒருவரின் கரும்புத் தோட்டத்தில், சுற்றி வேலையாட்கள் யாரும் இல்லாத நேரம் பார்த்து, பக்கத்து வீட்டாரிடமும் முன்னாடியே சொல்லிவிட்டு. காதுக்கு மூடியும் கண்ணுக்குக் கண்ணாடியும் இல்லாமல் இதைத் தொடாதீர்கள். தோட்டாவின் நுனியில் பச்சை பிளாஸ்டிக் மூடி இருக்கும், சுட்டதும் அது விரிந்துவிடும். முதல் மேகசினில் பன்னிரண்டும் தடையில்லாமல் போயின. இரண்டாவதில் ஐந்தாவது காலிக் கூடு வெளியே முழுதாக வராமல் ஸ்லைடுக்கு இடையில் செங்குத்தாக மாட்டி நின்றது, ஒன்பதாவதும் அப்படியே. மேகசின் வாயின் ஓரத்தில் பிசிறு இருந்தது, நைசான உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகு மூன்றாவது மேகசின் சுத்தமாகப் போனது. பகலிலேயே குழல் வாயில் தீ தெரிந்தது. சத்தம் அடங்கியதும் வந்த வாசனை தீபாவளி மறுநாள் காலைத் தெரு வாசனைதான்.

சுட்டால் அன்றைக்கே துடையுங்கள். நான் ஒரு ராத்திரி விட்டேன், டர்பன் கடற்காற்றில் மறுநாள் காலிக் கூட்டை இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரிலும் ஸ்பிரிங்கிலும் ஊசிமுனை அளவுக்குத் துரு. துத்தநாகம் துருப்பிடிக்காது, உள்ளே இருக்கும் எஃகுத் துண்டுகள் பிடிக்கும். வெறுமனே டிரிகரைத் தட்டிக்கொண்டே இருப்பதும் இந்த உலோகத்துக்கு ஆகாது.

சரி, வீட்டுப் பாதுகாப்பு. வேண்டாம். எதிரே இருப்பவர் கையில் நிஜமானது இருந்தால் நீங்கள் இதைக் காட்டிய நொடியில் அவர் சுடுவார், உங்களிடம் திருப்பிச் சுட எதுவும் இல்லை. இங்கே 2000ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், 60ஆம் எண், அதன் 120ஆம் பிரிவு, துப்பாக்கி என்று நம்பவைக்கக்கூடிய எந்தப் பொருளையும் தக்க காரணம் இல்லாமல் ஒருவர்மீது நீட்டுவதையே குற்றம் என்கிறது. வெற்றுத் தோட்டா விளையாட்டும் இல்லை: 1984இல் அமெரிக்க நடிகர் ஜான்-எரிக் ஹெக்ஸம் படப்பிடிப்பு இடைவேளையில் வெற்றுத் தோட்டா போட்ட துப்பாக்கியைத் தன் பொட்டில் வைத்து டிரிகரை அழுத்தி உயிரை விட்டார், குண்டே இல்லாமல் வெற்றுத் தோட்டாவின் அடியே போதுமாக இருந்தது. 9 மி.மீ. என்ற பெயரைப் பார்த்து நிஜத் தோட்டாவை நினைத்துக்கொள்ளவும் வேண்டாம், அது இதற்கானதே இல்லை. 2021 ஜூலைக் கலவரத்தில் டர்பனின் ஃபீனிக்ஸிலும் எங்கள் பக்கமும் நடந்ததைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் ஒரு வெடிச்சத்தம் கேட்டால் கதவை அடைக்கிறார்கள், அவர்கள் நடுவில் இதை வெளியே எடுக்க எனக்கு மனம் வராது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2025 பிப்ரவரியில், மேல்பக்கம் புகைவிடும் துருக்கிப் பிரதிகளைக் குற்றவாளிகள் மாற்றிப் பயன்படுத்துகிறார்கள் என்று எல்லோரையும் ஒப்படைக்கச் சொன்னார்கள், சேகரிப்பவர்களும்தான் கொடுத்தார்கள். நாம் கவனமாக இல்லாவிட்டால் இங்கேயும் அந்த நாள் வரும். நான் இரும்புப் பெட்டியில் பூட்டி, தோட்டாவை வேறு அறையில் வைக்கிறேன்.

வாங்கலாமா? பெரெட்டாவின் உருவமும் கழற்றும் விதமும் போதும் என்றால் இந்த விலைக்குத் தாராளமாக வாங்கலாம். ஹேமரைப் பத்திரமாக இறக்கும் அந்த டீகாக் லீவருக்காக வாங்குகிறீர்கள் என்றால் இது வேண்டாம், காசு சேர்த்து வேறு பாருங்கள்.

போன வாரம் மாமா தன் பழைய உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்தோலில் ஸ்லைடின் தடம் கறுப்பாகப் பதிந்திருக்கிறது, பிரதி அந்தத் தடத்தின் மேலேயே போய் உட்கார்ந்தது, டிரிகர் கார்டு வளைவும் சரியாகப் பொருந்தியது. மேல்வாரின் பித்தான் மட்டும் மாட்டவில்லை, இதன் ஹேமர் கொஞ்சம் தடிப்பு, அதனால் வார் இரண்டு மில்லிமீட்டர் குறைகிறது. வாரை நீட்டித் தைக்கட்டுமா என்று கேட்டேன். "தோலைத் தொடாதே, ஹேமரைத் தேய்" என்றார்.